சம்மதம் தராத முயல்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் உடம்பளவில் சுகம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் போட்டி போட்டுக்கொண்டு குணமாகி வருவதாக நம்புகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே ஊகித்துத் திட்டி முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரை படித்துவிட்டுத்தான் திட்ட முடியும்.

விஷயம் இதுதான். நீ பேசிச் சேர்த்துவிட்ட நர்சிங் பள்ளியிலிருந்து என் மகளை வருகிற திங்கட்கிழமை வெளியே அனுப்பப் போகிறார்கள். காரணம் ஒரு முயல். சிரிக்காதே. சேர்ந்த முதல் வாரமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும், நினைவில்லாமல் கிடந்தாலும் சொல்ல வேண்டும் என்பது. மூன்றாவது மாதம் உடற்கூறு வகுப்பில் நாலு பெண்களுக்கு ஒரு முயல் கொடுத்திருக்கிறார்கள். உயிருள்ள முயல். அதை மயக்க மருந்துப் பெட்டிக்குள் வைத்து மூடி, அசைவு நின்றதும் வெளியே எடுத்து, வயிற்றைத் திறந்து, இதயம் எங்கே ஈரல் எங்கே என்று பார்க்க வேண்டும். பெட்டிக்குள் வைக்கிற முறை அன்றைக்கு நம் பிள்ளைக்கு. இவள் கூண்டுக்கு முன்னால் குனிந்து, இன்னின்ன செய்யப் போகிறோம், இதில் உனக்கு ஒரு நன்மையும் கிடையாது, எங்களுக்குத்தான், என்று முயலிடம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். முயல் எழுந்து மூலைக்குப் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. இவள் பதிவு நோட்டை எடுத்து, "செய்முறை விளக்கப்பட்டது. சம்மதம் கிடைக்கவில்லை. நோயாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். முயலுக்கு மரியாதை விகுதி வேறு. கூட இருந்த மூன்று பேரும் முதலில் சிரித்தார்களாம், அப்புறம் அவள் கையெழுத்துக்குக் கீழே வரிசையாக அவர்களும் கையெழுத்துப் போட்டார்களாம். அதோடு விஷயம் பிடிவாதத்திலிருந்து கலகமாகப் பதவி உயர்வு பெற்றது.

எனக்கு ஆள் அனுப்பினார்கள். கடையில் பாதி சவரத்தில் இருந்தவரை இன்னொரு நாற்காலிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சட்டைப் பையில் சீப்போடு ஓடினேன். பள்ளி முதல்வரம்மாவின் அறையில் ஒரு எலும்புக்கூடு நிற்கிறது. பதற்றத்தில் அதற்கும் சேர்த்து வணக்கம் சொல்லிவிட்டேன். அந்த அம்மாளின் முன் முடியை யாரோ ஏற்ற இறக்கமாக வெட்டியிருக்கிறார்கள், என் கண் அங்கேயே போய் நின்றதால் பேச்சின் முதல் பாதி எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. இன்று முயலைக் கேட்பவள் நாளைக்குப் பஞ்சைக் கேட்பாளா, கட்டுத்துணியைக் கேட்பாளா என்று கோபமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் அவர் கெட்டவர் இல்லை அக்கா. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எங்கிட்டப் படிச்ச ஒரு பொண்ணு, நரம்பு எங்க ஓடுதுன்னு தெரியாம ஒருத்தருக்கு ஊசி போட்டுட்டா. அவர் இன்னும் காலை இழுத்துட்டுதான் நடக்கிறார். முயல் பாவம்தான், நான் இல்லைன்னு சொல்லலை. அவரும் பாவம்தானே?"

அச்சடித்த படிவம் ஒன்றைக் கையில் கொடுத்தார். இனிமேல் எல்லாச் செய்முறை வகுப்பிலும் என் மகள் மறுப்பின்றிக் கலந்துகொள்வாள் என்று அப்பன் உறுதி தர வேண்டும். திங்கட்கிழமை காலைக்குள் அது வராவிட்டால் இடம் கிடையாது.

கடைக்குத் திரும்பினால் ஆளுக்கொரு யோசனை. கோழிக்கறி சாப்பிடுகிறவளுக்கு முயலில் என்ன வந்தது என்று ஒருவர். நர்ஸ் என்ன அறுவைச் சிகிச்சையா செய்யப் போகிறாள், பிளாஸ்டிக் பொம்மையில் படித்தால் போதாதா என்று இன்னொருவர். முகம் முழுக்க சோப்பு நுரையோடு எழுந்து நின்று இரண்டு பேர் வாதாடினார்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கத்தரியை ஓட்டியதில், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஐயாவின் மீசையில் பாதியைக் காணோம். இத்தனை வருஷத்தில் கேட்காமல் ஒருவர் மீசையில் நான் கை வைத்ததில்லை. மீதிப் பாதியை எடுப்பதற்கு அவரிடம் சம்மதம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். இப்போது வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு எதிர்ச்சாரியில் நடந்து போகிறார்.

ராத்திரிச் சாப்பாட்டில் மகளிடம் பேசிப் பார்த்தேன். ஒரே ஒரு முயல், கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடு, உன் வாழ்க்கை பெரிசா அது பெரிசா என்று கேட்டேன். இறந்த முயல் கிடைத்தால் பார்க்கிறேன், ஒவ்வொரு நரம்பையும் பத்து தடவை வரையச் சொன்னாலும் வரைகிறேன் என்றாள். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "படிக்க மாட்டேன்னு சொல்லலைப்பா. எனக்காக ஒண்ணைக் கொல்ல வேண்டாங்கிறேன்" என்றாள். அதற்கு மேல் அவள் சாப்பிடவில்லை, அதனால் நானும் சாப்பிடவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அவள் அம்மாவுக்குத் தலையில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்களே, அன்றைக்குக் காலையில் தலைமுடியை எடுக்க வார்டுக்கு ஆள் வந்தான். வேறு ஒருவன் கை அவள் தலையில் படுவதா என்று நானே அவனுடைய சவரப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். அந்த முடி மேல் அவளுக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். சொன்னால் அழுவாள், அவள் அழுதால் என் கை நடுங்கும். அதனால் சீவிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். பாதி வழித்த பிறகுதான் கையைத் தூக்கித் தடவிப் பார்த்தாள். "கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனே" என்றாள், அவ்வளவுதான். அப்போது பன்னிரண்டு வயதான மகள் ஃபிளாஸ்க்கோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, அந்தக் கதை எதற்கு இப்போது. நான் இந்தக் கடிதம் எழுதுவது உன்னால் ஆக வேண்டிய காரியத்துக்காக. படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் அழுவாள். நீ நர்சாக முப்பத்தாறு வருஷம் வார்டை ஆட்டிப்படைத்தவள், உன் பேச்சுக்கு அவளிடம் தனி மதிப்பு. ஒழுங்காக வகுப்புக்குப் போ, சொன்னதைச் செய், முதல்வரம்மாவிடம் மன்னிப்புக் கேள் என்று கண்டிப்பாக நாலு வரி அவளுக்கு எழுதிப் போடு. முயல்களைக் கொல்வது எவ்வளவு அவசியம் என்று உன் அனுபவத்திலிருந்து ஏதாவது சேர்த்துக்கொள். அனுபவம் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப் பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்காமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. உறையில் போடுமுன் ஒரு முறை படித்துப் பார்த்தேன். "சொன்னால் அழுவாள்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். படிவத்தை எடுத்துப் போய் மகளிடம் காட்டினேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். கிழித்துப் போட்டுவிட்டோம். திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். எதைச் செய்வாள், எதைச் செய்யமாட்டாள் என்று அவளே சொல்லட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன். இடம் போனால் போகட்டும் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. போகக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். எனக்கு எழுது, ஒரே ஒரு விஷயம். நினைவில்லாமல் கிடப்பவர்களிடம் ஏன் பேசச் சொல்கிறார்கள் என்று மகளைக் கேட்டேன். அவர்களுக்குக் காது கேட்கலாமாம், அப்படித்தான் பாடத்தில் சொன்னார்களாம். உனக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும். உண்மையா அக்கா? என் மனம் நோகுமே என்று பார்த்து எழுதாதே. ஆபரேஷனுக்குப் பிறகு, போய்ச் சேரும்வரை, இரண்டு நாள் அவள் அம்மா கண் திறக்காமலேதான் இருந்தாள். அவளுக்குக் கேட்காது என்று நினைத்து, அந்த இரண்டு நாளும் பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.