பதற்றத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு

என் மனைவியின் மனத்தை அளந்தே தீருவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன்.

சிரிக்காதீர்கள். அது என் தொழில். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் மாணவர்களின் பயம், வெறுப்பு, ஆர்வம், நடுக்கம் எல்லாவற்றையும் அளந்து எண்ணாக்கிக் கொடுத்தவன் நான். கணக்குப் பாடத்தைக் கண்டு ஒருவன் எத்தனை நடுங்குகிறான் என்பதைப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை சொல்வேன். கல்லூரியில் எனக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் யாரும் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

நான்கு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். பெரிய ஆசையெல்லாம் எனக்கு இல்லை. மாலை ஆறு மணிக்கு பால்கனியில் இரண்டு நாற்காலி, இரண்டு டம்ளர் டீ, அவள், நான். கல்யாணமான புதிதில் ஒற்றை அறை வாடகை வீட்டில் தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம். அங்கே பால்கனி கிடையாது, ஜன்னல்தான். நாற்காலியும் ஒன்றுதான். அவள் டிரங்குப் பெட்டிமேல் உட்காருவாள். தெருவிளக்கு எரியும்வரை பேசிக்கொண்டிருப்போம். அப்புறம் பிள்ளை, பரீட்சைத் தாள், பதவி உயர்வு என்று அந்த ஆறு மணி எங்கேயோ தொலைந்துபோனது. ஓய்வு பெற்றதும் அதைப் பிடித்துவிடலாம் என்று வீட்டுக்கு ஓடிவந்தேன்.

வந்து பார்த்தால் அந்த ஆறு மணியில் இணைய வகுப்பு குடியேறியிருந்தது.

கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பை அவள் மறுபடி தொடங்கியிருந்தாள். ஆறிலிருந்து எட்டு வரை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப், காதில் ஹெட்போன். சமையலறைக் கதவில் ஒரு சீட்டு: 'வகுப்பு நடக்கிறது. பாத்திரம் உருட்டாதீர்கள்.' வீட்டில் பாத்திரம் உருட்டுகிற ஆள் நான் ஒருவன்தான். என்ன பாடம் படிக்கிறாள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் சம்மதித்ததாக ஆகிவிடுமே!

வாயால் 'படிப்பை விடு' என்று சொல்லும் தைரியம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆகவே விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தேன். இணைய வகுப்பால் அவளுக்குக் கடும் பதற்றம் என்று எண்ணால் நிரூபித்துவிட்டால் போதும். வகுப்பு தானாக நின்றுவிடும், ஆறு மணி எனக்குத் திரும்பி வந்துவிடும்.

படிவம் தயாரிக்க உட்கார்ந்தேன். பழசெல்லாம் திரண்டு வந்தது. சைக்ளோஸ்டைல் மையின் வாசனை, சைக்கிள் கேரியரில் சணல் கயிறு போட்டுக் கட்டிய படிவக் கட்டுகள். ஆராய்ச்சி மாணவனாக வகுப்பு வகுப்பாகப் போய் நானூற்றுப்பன்னிரண்டு பேரிடம் படிவம் நிரப்பி வாங்கினேன். அதில் ஒரே ஒரு படிவத்தின் அடியில் பென்சிலில் எழுதியிருந்தது: 'பதினேழாவது கேள்வியும் முப்பத்தோராவது கேள்வியும் ஒன்றுதான். எங்களை முட்டாள் என்று நினைத்தீர்களா?' பொய்யாக நிரப்புகிறவர்களைப் பிடிக்க நான் வைத்த பொறி அது. கண்டுபிடித்தவள் மூன்றாவது பெஞ்சுக்காரி ஒருத்திதான். விளக்கம் சொல்லப் போனேன். விளக்கம் முடிய பதினோரு சந்திப்புகளும் ஒரு கல்யாணமும் தேவைப்பட்டன. நல்ல நாட்கள் அவை. நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது.

இந்தத் தடவை முப்பது வாக்கியம். அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று அதில் இருபதை வகுப்பைப் புகழ்கிற மாதிரி எழுதினேன். பத்தில்தான் விஷம்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்லம்மா. என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி ஆராய்ச்சி பண்றா. இணையத்துல படிக்கிறவங்க நிரப்பித் தரணுமாம். ஒப்புக்கிறதா இருந்தா அஞ்சு, இல்லைன்னா ஒண்ணு."

"பொண்ணு கையெழுத்து அச்சு அசலா உங்களுது மாதிரியே இருக்கே."

"நான்தானே எழுதப் பழக்கினேன்!"

ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் நிரப்பிக் கொடுத்தாள். நான் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு கூட்டினேன். நூற்றைம்பதுக்கு நூற்றுப்பன்னிரண்டு! சந்தோஷம் தாங்கவில்லை. சிவப்பு மையில் எழுதி இரண்டு வட்டம் போட்டேன்.

மறுநாள் காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"நூறைத் தாண்டினாலே கடும் பதற்றம்மா. நீ நூத்துப்பன்னிரண்டு."

"அய்யய்யோ. அந்தப் பொண்ணுக்கு அனுப்பலையா?"

"உன் உடம்புதான் முக்கியம். மொதல்ல அந்த ஆறு மணி வகுப்பை நிறுத்து."

அவள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். "நாலாவது வாக்கியம். 'வகுப்பு எப்போது தொடங்கும் என்று ஆவலாக இருக்கிறேன்.' அஞ்சு போட்டிருக்கேன்."

"ஆமா."

"ஆவலா இருந்தா பதற்றமா?"

நான் படிவத்தை எட்டிப் பார்த்தேன்.

"பதற்றத்தை அளக்கிறப்ப ஆவலுக்கு அஞ்சு போட்டா, அதைப் புரட்டி ஒண்ணுன்னுதானே கூட்டணும்? நீங்க அஞ்சை அஞ்சாவே கூட்டியிருக்கீங்க. இருபது இடத்துலயும்."

முப்பத்தொரு வருஷம் முதல் வகுப்பில் தொண்டை கிழியக் கத்திய பாடம் அது. என் சந்தோஷம் அதை விழுங்கிவிட்டது.

"இருபது ஒண்ணு இருபது. மிச்சம் பத்து வாக்கியத்துக்குப் பன்னிரண்டு. மொத்தம் முப்பத்திரண்டு. யாரா இருந்தாலும் முப்பதுக்குக் கீழ போகவே முடியாதுங்க."

"உனக்கு எப்படி இதெல்லாம்..."

"நான் படிக்கிறதே இதுதான். கல்வியில் அளவீடு. நாலு மாசமா ஒரு தடவை கேட்டீங்களா?"

வெட்கமாக இருந்தது. அதைவிட வருத்தமாக இருந்தது. அவள் துணியை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரி, ஒரே கேள்வி. கட்டம், எண் எதுவும் வேண்டாம். உங்களுக்கு என்னதான் வேணும்?"

"ஆறு மணி," என்றேன். "அந்த ஜன்னல் ஞாபகம் இருக்கா?"

"டிரங்குப் பெட்டி ஞாபகம் இருக்கு. பூட்டு குத்தும்."

"ஒரு நாளும் சொல்லலையே!"

"நீங்க எங்க பேச விட்டீங்க?" என்று சிரித்தாள். சிரிக்கும்போது அந்த மூன்றாவது பெஞ்சுக்காரி அப்படியே இருந்தாள். "வகுப்பை விட மாட்டேன். ஆனா இன்னிக்கு ஆறு மணிக்கு என் பக்கத்துல உட்காருங்க. சரியா?"

சரியாவா! இரண்டாவது தடவை சவரம் செய்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். டீயும் நானே போட்டேன். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டாள். லேப்டாப்பைத் திறந்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். எனக்காகத்தான் என்று உருகிப்போனேன்.

திரையில் நாற்பத்திரண்டு கட்டம், நாற்பத்திரண்டு முகம். நடுவில் ஆசிரியர். எங்கேயோ பார்த்த முகம்.

"சார்," என்றாள் என் மனைவி, "அளக்கிறவங்க ஆசை அளவைக் கெடுக்கும்னு நேத்துச் சொன்னீங்க, உதாரணம் கேட்டீங்க. ஆளையே கூட்டிட்டு வந்திருக்கேன்." படிவத்தைத் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இரண்டு சிவப்பு வட்டமும் பளிச்சென்று தெரிந்தன.

ஆசிரியர் எழுந்து நின்று கைகூப்பினார். "வணக்கம் ஐயா! உங்ககிட்ட படிச்சவன். ஐயா வகுப்புல எப்பவுமே உதாரணம் கண்ணு முன்னாடி நிக்கும்."

நான் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டேன். நாற்பத்திரண்டு முகமும் ஒரே நேரத்தில் சிரித்தன.

என் மனைவி தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"என்னங்க, மைக் ஆன்ல இருக்கு."