டாக்டர் விரலும் என் கடைவாய்ப் பல்லும்

பல் டாக்டர்களில் பாதிப் பேருக்குப் பல் டாக்டரைக் கண்டால் பயம். வெளியே சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை, என் அம்மா சொன்னாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் படிப்பை முடித்த புதிது. அடையாறில் பல் டாக்டர் செல்வநாயகம் என்ற பெரியவர் ஓர் அறக்கட்டளை நடத்திவந்தார். வருஷம் ஒருமுறை மருத்துவர்களைத் திரட்டிக்கொண்டு நேபாளத்து மலைக்கிராமங்களுக்குப் போவார். பல்லைப் பிடுங்க ஆளில்லாமல் வருஷக்கணக்கில் வலியோடு வாழ்கிற ஜனங்கள். அந்தக் குழுவில் எனக்கும் இடம் கிடைத்தது. அவர் போட்ட ஒரே நிபந்தனை: "உங்க பல்லை இங்கேயே சரிபண்ணிக்கிட்டு வாங்க. நடையா நடந்து வர்றவங்க வரிசையில நிக்கும்போது, நம்ம நாற்காலியில நாமளே உட்காரக் கூடாது."

எனக்கோ இடது கடைவாய்ப் பல் சொத்தை. பிறர் வாயில் கூசாமல் ஊசி போடுவேன்; என் வாயை இன்னொருவரிடம் திறந்து காட்டத்தான் பயம். கிராம்புத் தைலத்தைத் தடவி, வலது பக்கமாகவே மென்று காலம் தள்ளினேன். (மாட்டுக்குக்கூட இரண்டு பக்கமும் மெல்லும் சுதந்திரம் உண்டு.)

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, டாக்டர் வீட்டில் வழியனுப்பு விழா. மயிலாப்பூரிலிருந்து நான் கிளம்பும்போது அம்மாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று நான் சொன்னதை ஆட்டோக்காரர்கூடக் காதில் வாங்கவில்லை.

கம்பளிகள் நன்கொடை தந்த தி. நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சி என்னிடம் முறுக்குத் தட்டை நீட்டினார். "நம்ம ஊரு முறுக்கும்மா. நல்லாக் கடிச்சுச் சாப்பிடு."

கம்பளி தந்தவர். மறுக்க முடியுமா? கடித்தேன். ஒரு துண்டு இடது பக்கம் தாவியது. நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி தட்டைக் கீழே போட்டார்.

"கல்லு கில்லு கெடந்துச்சோ?"

"காரம்" என்றேன்.

அம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து வாய்மை பொங்கியது. "காரமாவது! ரெண்டு மாசமா ஆத்துல இதே கூத்துதான் டாக்டர். கிராம்புத் தைலம் வாங்கி மாளலை. பல் டாக்டருக்குப் படிச்சுட்டு, பல்லைக் காட்டப் பயந்துண்டு நிக்கறது!"

"அம்மா!"

"என்னை ஏண்டி முறைக்கறே? மலை மேல வலிச்சா யாரைக் கூப்பிடுவே?"

விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காகக் கூடத்தில், மலைக்கு எடுத்துப்போகும் மடக்குப் பல் நாற்காலி ஒன்றை விரித்துவைத்திருந்தார்கள். டாக்டர் அதைச் சுட்டிக்காட்டினார். உட்கார்ந்தேன். சபையே சுற்றி நின்றது.

"சும்மா பார்க்கத்தாம்மா போறேன்" என்றார். (நோயாளிகளிடம் நான் தினமும் சொல்லும் அதே பொய்.) அவர் விரல் பல்லை ஒரு தட்டுத் தட்டியது. என் தாடை மூடிக்கொண்டது. நான் மூடவில்லை, தானாக மூடிக்கொண்டது என்று இன்றுவரை வாதாடுகிறேன்.

"ராஜி... விடும்மா... விரலை விடும்மா!"

அம்மா என் தலையில் நறுக்கென்று குட்டினாள். விட்டேன்.

வலது ஆள்காட்டி விரல். குறடு பிடிக்கிற விரல். அதை ஐஸ்கட்டியில் புதைத்துக்கொண்டு டாக்டர் நின்றார். "என்னைக் குழுவிலேர்ந்து எடுத்துடுங்க சார்" என்று அழுதேன்.

"எடுக்கிறதா? அப்புறம் நான் பிடுங்க வேண்டிய பல்லையெல்லாம் யாரு பிடுங்குறது? நீதான். நாளைக்கே அந்தச் சொத்தையைத் தொலைச்சிட்டு வா."

மறுநாள் கே.கே. நகரில் வேறொரு டாக்டரிடம் போனேன். செய்தி எனக்கு முன்னே போயிருந்தது. என் பற்களுக்கு நடுவே ஒரு ரப்பர் கட்டையை வைத்த பிறகுதான் அவர் வணக்கமே சொன்னார்.

நேபாளத்தில் காலை முதல் பொழுது சாயும்வரை நான்தான் பிடுங்கினேன். வாயைத் திறக்க மறுத்த ஒவ்வொருவரிடமும் டாக்டர் கட்டுப்போட்ட விரலை நீட்டி, மொழிபெயர்க்க வந்தவர் மூலம் கதையைச் சொன்னார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த வாய் மூடுமுன் நான் ஊசியைப் போட்டேன். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் வேலை நடந்தது.

அதோடு முடிந்திருக்கலாம். அடுத்த வருஷம் நங்கநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், காபி ஆறுவதற்குள் அம்மா முழுக்கதையையும் ஒப்பித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சற்று யோசித்துவிட்டு, "சரி" என்றார்.

இன்றும் எங்களுக்குள் சண்டை மூண்டால் அவர் பத்து விரல்களையும் மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார். இப்போது என் மகளும்.