சார்ஜ் இல்லாத அலுவலகம்

ஆங்கிலேயன் விட்டுப்போன சொற்களுள் ஆட்சி நிர்வாகத்தையே தாங்கி நிற்பது 'சார்ஜ்' என்ற ஒரே சொல்தான் என்பதில் சுந்தரராஜுலுவுக்கு ஐயமே இருந்ததில்லை. ஆர்.எஸ்.புரத்தில் உள்ள 'சுயநகர்வு வாகன நல்வாழ்வு அலுவலக'த்தின் கண்காணிப்பாளர் அவர். நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி கொடுப்பதும், பேட்டரி செத்தால் மாற்றித் தருவதும் அந்த அலுவலகத்தின் லட்சியம். அலுவலர் மாற்றலாகிப் போய் மூன்று மாதம் ஆகிறது. புதியவர் வரவில்லை. அந்த மாபெரும் வெற்றிடத்தை ராஜுலு தனி ஆளாக, நாற்காலி நிறைய உட்கார்ந்து காத்துவந்தார்.

திங்கட்கிழமை காலை துடியலூர் அன்புக்கரசி நான்காவது முறையாக வந்தாள். சிறுவயதிலேயே இரண்டு கால்களும் செயலிழந்தவள். சென்னிமலைப் போர்வைகளை வண்டியில் அடுக்கி வீதி வீதியாக விற்பவள். பாதி வழியில் படுத்துவிட்ட வண்டியைக் கணவன் கதிரேசன் தள்ளிக்கொண்டு வந்து, ராஜுலுவின் அறை வாசலில் நிறுத்திவிட்டு மில்லுக்கு ஓடிவிட்டான்.

"ஏனுங்க சார், வண்டியில சார்ஜே நிக்கறதில்லீங்க."

"எனக்கும் அதே கதைதானுங்க அம்மணி. போனவரு சார்ஜ் குடுக்கல. வரப்போறவரு சார்ஜ் எடுக்கல."

"பக்கத்து ஆபீஸ் சார் சேத்திப் பாக்கறாருன்னாங்க?"

"அவருக்கு அடிஷனல் சார்ஜுங்க. கையெழுத்துப் போட்டா முழு சார்ஜும் தலையில உழுந்துரும்னு பயப்படறாரு."

"உங்க மேசையில 'இன்சார்ஜ்'னு பலகை இருக்குதுங்களே?"

"அது சும்மா இன்சார்ஜுங்க. ஃபுல் சார்ஜ் இல்லீங்க."

"என்ர வண்டியும் அப்படித்தானுங்க. லைட்டு மட்டும் நல்லா எரியுது. ஓட மாட்டேங்குது."

உவமை ராஜுலுவுக்குப் பிடித்துவிட்டது. மனதாரச் சிரித்தார். அன்புக்கரசி சிரிக்கவில்லை. போர்வைக் கட்டுகள் இரண்டு மாதமாக வீட்டில் பிரிக்காமல் கிடந்தன. வாடிக்கைக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

ராஜுலு கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். பதினோரு மணிக்குத் 'தடையற்ற நகர்வு நம் உரிமை' என்ற கருத்தரங்கில் அவர்தான் சிறப்புரை.

"கொஞ்சம் வழி உடுங்கம்மணி. அவசரமா போகோணும்."

அன்புக்கரசி வாசலை ஒருமுறை பார்த்தாள். கதவின் அகலமும் வண்டியின் அகலமும் அளவெடுத்ததுபோல் ஒன்றாக இருந்தன. பிரேக்கை இழுத்துப் போட்டாள்.

"நகர மாட்டேங்குதுங்க சார். சார்ஜ் இல்லீங்க."

ராஜுலு கெஞ்சினார். ஜன்னலைப் பார்த்தார். கம்பி போட்டிருந்தது. வெளியே நின்ற உதவியாளர் மாசாணம் வண்டியை இழுத்துப் பார்த்து, மூச்சு வாங்கி, "புது பேட்டரி போட்டாத்தானுங்க சார் அசையும்" என்று தொழில்நுட்பக் கருத்து தெரிவித்தார்.

பத்து நாற்பதுக்கு வரலாறு திசை திரும்பியது. யாருக்கும் இல்லாத அதிகாரம் ராஜுலுவின் வாயிலிருந்து வந்தது. "ஸ்டோர்ல அடுக்கி வெச்சிருக்கறதுல ஒண்ணை எடுத்துப் போட்டுத் தொலையப்பா!"

பன்னிரண்டே நிமிடம். வண்டி உறுமியது. அன்புக்கரசி கும்பிட்டுவிட்டு, வந்த வழியே ஒருத்தர் தயவும் இல்லாமல் போனாள். அன்று மாலையே பழைய வீதிகளில் அவள் குரல் கேட்டது. ராஜுலுவின் சிறப்புரைக்கும் பலத்த கைதட்டல்.

ஆனால் கடமை தூங்காது. மூன்றாம் நாள் துடியலூருக்கு ஒரு பதிவுத் தபால் போயிற்று. அலுவலக வழியை மறித்தது, அதிகாரியைச் சிறைவைத்தது, அனுமதியின்றிப் பேட்டரி பெற்றது என மூன்று குற்றச்சாட்டுகளுடன் ஒரு சார்ஜ் மெமோ. பொதுமக்களுக்கு மெமோ கொடுக்கும் வழக்கம் எங்குமில்லை. அந்தப் புதுமைக்கு முத்திரையும் பச்சை மைக் கையெழுத்தும் குறைவில்லாமல் இருந்தன.

ஏழு நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அன்புக்கரசி அன்றைக்கே, ஒரு தபால் அட்டையில் பதில் எழுதிப் போட்டாள்:

"ஐயா, மூணு மாசமா ஆருமே சார்ஜ்ல இல்லாத ஆபீசுன்னு சொன்னீங்க. அப்புறம் என்ர மேல சார்ஜ் போட்டது ஆருங்க?"