முன்னனுமதியின்றி நரைத்த தலைமை எழுத்தர்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அம்மாள், வயது ஐம்பத்தாறு, இரண்டு மாத மருத்துவ விடுப்பு முடிந்து ஒரு திங்கட்கிழமை வெள்ளைத் தலையோடு வேலைக்கு வந்தார்.

இருபத்திரண்டு வருடமாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பழைய நைட்டியும் பிளாஸ்டிக் கையுறையுமாகக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று தலைக்குச் சாயம் பூசி வந்தவர் அவர். உச்சந்தலை கொப்புளித்துப்போனதும் இனி சாயமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த கறுப்பை ஒட்ட வெட்டிவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணாடியில் யாரோ ஓர் அம்மாள் நின்று இவரை மரியாதையாகப் பார்த்தார்.

கணவர், மாமியார் வந்திருக்கிறார் என்று நினைத்து ஒரு நிமிடம் சட்டையைத் தேடினார். தங்கைதான் அழாத குறை. “அக்கா, நமக்குள்ள ஒன்றரை வருஷம்தான் வித்தியாசம்னு எல்லாருக்கும் தெரியும். நீ பாட்டுக்கு நரைச்சுட்டா என் கதி என்ன?” பேருந்தில் இவர் வயதே இருக்கும் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கும்வரை கோபமும் தணியவில்லை.

அலுவலக வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் ஒன்று உண்டு. அது இவரைப் பார்த்து, இப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவில்லை என்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார், சிரித்துக் காட்டினார், கடைசியில் முறைத்தும் பார்த்தார். மெஷின் மசியவில்லை.

மேலாளரிடம் போனார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மீசையோ கல்லூரி மாணவனுடையது.

“நீங்கதான்னு எனக்குத் தெரியும் மேடம். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? மெஷினுக்குத் தெரியணுமே.”

தலைமை எழுத்தர் மூன்று நாள் வழக்கம்போல் வேலை பார்த்தார். நான்காம் நாள், மெஷின் கணக்கில் மூன்று நாளாக வராத ஊழியரிடம் விளக்கம் கேட்டு மெமோ அனுப்ப வேண்டிய கட்டம் வந்தது. மெமோ தயாரிப்பது தலைமை எழுத்தரின் வேலை. ஆகவே அவரே தட்டச்சு செய்தார்; மேலாளர் கையெழுத்திட்டார்; அவரே உறையிலிட்டு, அவரே பெற்றுக்கொண்டு, பெற்றதற்கு ஒப்புதலும் கொடுத்தார். தாம் நாள்தோறும் வந்ததாகவும், மெமோவைத் தட்டச்சு செய்ததே தாம்தான் என்றும் விளக்கம் எழுதினார். வராத நாளில் அலுவலகக் கணினியைத் தொட்டது எப்படி என்று அடுத்த மெமோ கேட்டது. அதையும் அவர்தான் தட்டச்சு செய்தார்.

பிறகு விசாரணை. நரைப்பதற்கு முன்பு அலுவலகத்திற்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று மேலாளர் கேட்டார். நரைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, மறைத்து வைத்திருந்தேன் என்றார் இவர்.

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ இருபத்திரண்டு வருஷமா அலுவலகத்தை ஏமாத்தியிருக்கீங்க.”

“ஆமா சார். அதையும் பதிவு பண்ணிக்குங்க. சாயம் பூசுற எல்லார்கிட்டயும் இதே கேள்வியைக் கேட்கணும்னு நான் மேலிடத்துக்கு எழுதிடறேன்.”

மேலாளரின் கை தானாக மீசைக்குப் போய்ப் பாதியில் நின்றது. விசாரணை அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் கடிதம் போய்விட்டது.

மேலிடம் சும்மா இருக்குமா? பத்தே நாளில் சுற்றறிக்கை வந்தது. ‘ஊழியர் அனைவரும் சாயம், சவுரி, பூச்சு முதலியவற்றைக் களைந்து, தத்தம் உண்மையான வயதுடன் ஆஜராகி, புதிதாக முகம் பதிவு செய்துகொள்ள வேண்டியது.’

அந்த நாளில் நாற்பத்து மூன்று பேரும் வந்தார்கள். யார் யாரென்று தெரியாமல் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். மெஷின் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திப் படம் எடுத்தாள்.

தலைமை எழுத்தர் நிமிர்ந்த தலையோடு உள்ளே போனார். படம் திரையில் வந்தது. நரை கம்பீரமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே கழுத்து இருந்தது. அதை அவர் இத்தனை வருடம் கவனித்ததே இல்லை. தலையைக் காப்பாற்றுவதிலேயே காலம் போய்விட்டது. மெல்லக் குனிந்து அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் தலைநிமிராமல் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் கழுத்துச் சுருக்கம் காணாமல் போனது.

மறுநாள் காலை மெஷின் ஒருவரையும் ஏற்கவில்லை. நாற்பத்து மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மேலாளர் இவர் பக்கமாக நகர்ந்து வந்து குரலைத் தாழ்த்தினார்.

“கழுத்தா?”

“கழுத்துதான் சார். உங்களுக்கு?”

“கண்ணுக்குக் கீழ.”

பதினொரு மணிக்கு, ஊழியர் எவரும் வராததால் இன்று அலுவலகம் இயங்காது என்ற அறிவிப்பைத் தலைமை எழுத்தர் தட்டச்சு செய்தார். மேலாளர் கையெழுத்திட்டார். எல்லாருமாகச் சேர்ந்து அதை வாசலில் ஒட்டினார்கள்.