டட்சனில் பாக்கி ஒரு வேலை

"டயர் உரசுதுண்ணே," என்று காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் லியோங்கின் குரல் வந்தது. "மட்கார்டைக் கொஞ்சம் வெட்டணும்."

நாகேந்திரன் குனிந்து, வெட்டுவதற்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய பழைய டட்சன். அசல் இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. சிவனே என்று விட்டிருக்கலாம். ஆனால் மலேசியாவில், அதுவும் ஈப்போவில், டட்சன் வைத்திருப்பவன் எவன் அசல் இன்ஜினோடு ஓட்டுகிறான்? ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலில் அனுப்பும் கார்களில் ஒரு முன்பாதியை வாங்கி, அதன் இன்ஜினைப் பிடுங்கி இதில் வைத்தார்கள். வயரிங் மட்டும்தான் பாக்கி என்றான் லியோங். அந்த நேரம் பார்த்து நாகேந்திரனுக்கு நெஞ்சு வலித்தது.

நெஞ்சைத் திறந்து செய்த ரிப்பேர் ஒரே தடவையில் முடிந்துவிட்டது. கார்தான் அதற்குப் பிறகு படுத்தியெடுத்தது. இன்ஜின் கனத்தில் மூக்கு தரையைத் தொடுகிறது என்று ஸ்பிரிங்கை மாற்றினான் லியோங். அடுத்து, இந்த வேகத்துக்குப் பழைய பிரேக் ஆகாது என்றான். பெரிய பிரேக் போட்டால் சக்கரம் உட்காரவில்லை. பெரிய சக்கரம் போட்டால் உரசுகிறது.

பின் சீட்டில் பக்கத்து வீட்டுப் பூனை இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது. "கட்டை மேல கார் நிக்குமே, அந்த வீடா?" என்றுதான் கேஸ் சிலிண்டர்காரன்கூடக் கேட்கிறான். பென்ஷன் வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை.

மனைவி புஷ்பவதி தேநீர் கொண்டுவந்தாள். "இன்னிக்கு என்னவாம்?"

"உரசுதாம்."

"பரவால்லங்க. நிதானமா பாக்கட்டும். என்ன அவசரம்?"

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மற்ற வீடுகளில் பெண்டாட்டிமார் காரோடு சேர்த்துப் புருஷனையும் தெருவில் தள்ளியிருப்பார்கள். இவள் திட்டவே மாட்டாள். இந்த ஆளால் ஒன்றும் ஆகாது என்று கைகழுவிவிட்டாள் போலிருக்கிறது.

"வித்துடலாம் புஷ்பா. பேராக் மாநிலத்துலயே என்னை மாதிரி ஒரு ஏமாளி இருக்க மாட்டான்."

"விக்கக் கூடாது." கோப்பையைத் தட்டென்று வைத்தாள்.

"ஓடாத காரை வெச்சுக்கிட்டு?"

"ஓடலைன்னா என்னங்க? அது பாட்டுக்கு நிக்கட்டும்." உள்ளே போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

பெண்டாட்டியை அழவைத்துவிட்டோமே என்ற வேதனை முழுவதும் கோபமாகி லியோங் மீது பாய்ந்தது. அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"எத்தனை வருஷமாடா இந்த வேலை பாக்குற?"

"முப்பது இருக்கும்ணே."

"ஊர்ல எல்லார் காரும் ஓடுது. உன் கடை வாசல்ல நிக்கிற குப்பைகூட ஓடுது. என் காருக்கு மட்டும் ஒண்ண மாட்டினா ஒண்ணு கழலுது. ஏமாத்துறியா?"

லியோங் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"நாளைக்கே வேற ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"வேணாம்ணே. அவன் ரெண்டு நாள்ல முடிச்சிருவான்."

"அப்ப நீ எப்படா முடிப்ப? நான் செத்த பிறகா?"

லியோங் சமையலறை ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"முடிக்கக் கூடாதுன்னு அண்ணிதான்ணே எனக்குத் தனியா சம்பளம் தர்றாங்க. 'இந்தக் கார் ஓடுறத ஒரு தடவை பாத்துட்டா நிம்மதியா கண்ணை மூடிருவேன்'னு ஆஸ்பத்திரியில அவங்க கையைப் புடிச்சிச் சொன்னீங்களாமே."