குவைத் ஹெல்மெட்டுக்குக் கற்பூரம்

புத்தூர், சித்தூர் ஜில்லா,
தசரா லீவு விட்ட அன்று சாயங்காலம்.

அன்பு மச்சான் தாமோதரனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் கன்னையா எழுதிக்கொண்ட கடிதம். இங்கே நானும் உன் அக்காள் வெங்கடலட்சுமியும் மாடும் கன்றும் சுகம். அங்கே குவைத்தில் உன் சுகத்துக்கும், உன் கம்பெனியின் சுகத்துக்கும், உனக்குச் சம்பளம் கொடுக்கிற அந்த முதலாளியின் சுகத்துக்கும் திருச்சானூர்த் தாயாரை வேண்டிக்கொள்கிறேன். என் இடுப்பு மட்டும் சுகமில்லை. அந்த இடுப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து ஓடினால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய அட்டைப்பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் அக்காள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்துவிட்டு, செண்டு பாட்டிலும் கம்பளியும் இருக்கும் என்று தெருவையே கூட்டி வைத்துக்கொண்டுதான் பிரித்தாள். உள்ளே மஞ்சள் ஹெல்மெட்டுகள், கண்ணுக்குப் போடுகிற கண்ணாடிகள், முழங்கை வரைக்கும் வருகிற தோல் கையுறைகள். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "இன்னாயா இது? அம்மாந்தூரம் கடல் தாண்டிப் போயி தலைக்கி சட்டி வாங்கி அனுப்பிச்சிகிறான் என் தம்பி! நான் இத தலையில கவுத்துக்கினு ரேஷன் கடைக்கிப் போவவா?" என்றாள். ஆனாலும் கையுறையில் ஒரு ஜோடியை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டாள். இப்போது எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டி அடுப்பிலிருந்து அதில்தான் இறங்குகிறது. மிச்சத்தை எல்லாம் நான் சைக்கிளில் கட்டி, பள்ளிக்கூடத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, "மாமா, இங்க ஹெல்மெட் இல்லாம கக்கூசுக்குக்கூட உட மாட்டாங்க, நீ இன்னாடான்னா வெறுங்கண்ணோட வெல்டிங் சொல்லிக் குட்த்துக்கினு கீற" என்று. நியாயம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், என் ஒர்க்‌ஷாப்பில் இதுவரை ஒரு பிள்ளைக்குக்கூட அடி பட்டதில்லை. பட்டதெல்லாம் எனக்குத்தான். நான் பாடம் நடத்துகிற முறை அப்படி. "சுத்தியலை இப்படிப் பிடிக்கக் கூடாது" என்று வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள்? பிடித்துக் காட்டுவேன். கட்டை விரல் வீங்கும். பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். "சூடான இரும்பைத் தொடக் கூடாது" என்கிற பாடத்துக்கு, நான் தொட்டுக் காட்டிய வருஷம், முழு மார்க் வாங்காத பிள்ளையே இல்லை. எங்கள் ஹெட்மாஸ்டர் வரதராஜன் மட்டும், "ஏமய்யா கன்னையா, பள்ளிக்கூடத்து டிஞ்சர் எல்லாம் நீ ஒருத்தனே காலி பண்ணிடறியே" என்று குத்திக் காட்டுவார்.

அவருக்கு ஒர்க்‌ஷாப்பைக் கண்டாலே ஆகாது. ஐதராபாத்தில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம், நம் பள்ளிக்கூடத்தில் மட்டும் இன்னும் அரம் தேய்க்கிற சத்தமா என்று கேட்கிறார். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற என் வைஸு, மெஷின் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு, அங்கே ஏசி வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற மாதிரி கம்ப்யூட்டர் ரூம் செய்ய வேண்டுமாம். ஒர்க்‌ஷாப் போனால் என் வேலையும் போகும், அது கிடக்கட்டும். இங்கே அரம் பிடிக்கக் கற்ற பிள்ளைகள்தான் இன்று ரேணிகுண்டாவிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஃபிட்டராக நிற்கிறார்கள். நீயே இங்கே வெல்டிங் ராடு பிடித்தவன்தானே. இந்த நேரம் பார்த்து ஜில்லா ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆபீசர் வருவாராம். குறை இருந்தால் மூடிவிடலாமாம். ஹெட்மாஸ்டர் அதைப் படித்துக் காட்டும்போதே அவர் பல்லெல்லாம் தெரிந்தது.

நான் பயப்படவில்லை. உன் ஹெல்மெட் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. ஆனால் மச்சான், இன்று ஆயுத பூஜை போட்டோம். லீவு விடுகிற அன்றே பள்ளிக்கூடத்தில் போட்டுவிடுவது வழக்கம், உனக்கே தெரியும். ஆயா வேலை பார்க்கிற பொன்னியம்மா காலையிலேயே வந்து டிரில்லிங் மெஷினுக்கு மாலை, வைஸுக்கு மாலை, சுத்தியலுக்குப் பொட்டு, ரம்பத்துக்குப் பொட்டு என்று ஜமாய்த்துவிட்டாள். குவைத் சாமான் ஆயிற்றே என்று உன் சரக்குக்குத் தனி மரியாதை. ஹெல்மெட்டுக்கு எல்லாம் சாமந்தி மாலை. கண்ணாடிக்கு எல்லாம் பொட்டு. எங்கே? நடுவிலே, மூக்குக்கு மேலே வைத்திருக்கலாம் இல்லையா? இரண்டு கண்ணுக்கும் தலா ஒரு கை சந்தனம் அப்பி, அதன்மேல் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். கற்பூரம் காட்டி முடித்து, பூசணிக்காயைச் சுற்றி உடைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

இறங்கியவர் வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீல டை, கையில் அளக்கிற டேப். ஹெட்மாஸ்டர் மீட்டிங்குக்காகச் சித்தூர் போயிருந்தார். வந்தவர் என்னிடம் பேர்கூடச் சொல்லவில்லை, நேராக உள்ளே போய் அளக்க ஆரம்பித்துவிட்டார். மெஷினுக்கு மெஷின் இடைவெளி விட்டிருக்கிறோமா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். "எர்த்திங் உந்தா?" என்று கேட்டார். உந்தி, இருக்கிறது என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். மேஜையை விரலால் தடவி, "தும்மு சாலா உந்தே" என்று முகம் சுளித்தார். இரும்பு ராவுகிற இடத்தில் தூசி இல்லாமல் பன்னீரா இருக்கும்? இதற்குள் குறை எழுதிவிடுவார் போலிருந்தது. மரியாதை செய்து மனசை மாற்றலாம் என்றால், மாலை எல்லாம் மெஷின் கழுத்தில் இருக்கிறது. சட்டென்று ஒரு ஹெல்மெட்டை மாலையோடு எடுத்து அவர் தலையில் கவிழ்த்துவிட்டேன். சாமந்திச் சரம் கண்ணுக்கு முன்னால் தொங்க, மனிதர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

அடுத்து, பிள்ளைகளுக்குக் கண்ணாடி இருப்பதைக் காட்ட வேண்டும். சந்தனத்தைத் துடைக்கப் போனேன். பொன்னியம்மா பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பூஜையில வெச்சத நாளைக்கி வரைக்கும் கலைக்கக் கூடாது சார். பசங்க கண்ணு பூடும்!" கண்ணுக்காக வந்த கண்ணாடி, துடைத்தால் கண் போகும் என்றால் நான் என்னதான் செய்வது, நீயே சொல். அப்படியே மாட்டிக்கொள்ளுங்கள் என்று பூஜைக்காக வெளியே நின்ற பிள்ளைகளிடம் சொன்னேன். மாட்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவள் ஸ்வர்ணலதா, பத்தாவது, என் வகுப்பிலேயே கெட்டிக்காரி. "இரும்பை வைஸில் மாட்டி அரம் போட்டுக் காட்டம்மா" என்றேன். அவள் தடவிக்கொண்டே போனாள். வைஸ் கிடைத்தது. இரும்புக்காகக் கையை நீட்டினாள். வந்தவர் அங்கே குனிந்து பிளக் பாயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையில் கிடைத்தது அவருடைய டை. சொல்லிக் கொடுத்தபடியே நடுவில் வைத்து, நன்றாக இறுக்கி, ஆடுகிறதா என்று இழுத்தும் பார்த்தாள். "கரெக்டா டைட்டா கீது சார்!" என்றாள். மச்சான், பிடி அவ்வளவு சுத்தம். வேறு நாளாக இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன்.

அவர் கத்திய கத்தலில் பொன்னியம்மா மிரண்டுபோய், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பூசணிக்காயைத் தூக்கி வாசற்படியிலேயே போட்டு உடைத்தாள். உள்ளே ரொப்பியிருந்த குங்குமத் தண்ணி செவரெல்லாம் தெறிச்சிது. நான் வைஸை அவிழ்த்து விட்டதும் அவர் எடுத்தார் பாரு ஓட்டம், நேரா பூசணிக்கா மேலயே கால வெச்சாரு. சறுக்கினாரு. நான் புடிக்கப் போனேன். நிலைப்படியில அவர் தலை 'டங்'குன்னு மோதிச்சி, ஹெல்மெட் இருந்ததால பொழச்சாரு. அப்புறம் முழு ஆளா என் இடுப்பு மேல உக்காந்தாரு. எழுந்து, மாலையும் ஹெல்மெட்டுமாக ஸ்கூட்டரை உதைத்துப் போய்விட்டார். அப்போதும் ஒரு பிள்ளைக்கும் அடி இல்லை, கவனித்தாயா? எனக்குத்தான்.

இனி என்ன மிச்சம் இருக்கிறது? ஒர்க்‌ஷாப்பை மூடச் சொல்லி இந்நேரம் எழுதியிருப்பார். அழுகையாக வருகிறது மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதனால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், எனக்கு அங்கே ஒரு விசா பார். வெல்டிங் வேண்டாம், டீ போடுகிற வேலை என்றாலும் சரி. உன் அக்காளிடம் சொன்னேன். "போ, போயி அங்க கீற மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டு வா" என்கிறாள்.

தாயார் அருளால் நீ நோய் நொடியில்லாமல் இருந்து, தலையில் ஹெல்மெட்டும் மனசில் ஊர் நினைப்புமாகக் காலம் தள்ள வேண்டும். உடன் வேலை செய்கிறவர்களுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
இடுப்பொடிந்த மாமா,
கன்னையா.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். மூஞ்சி செத்துப்போய்க் கிடந்தது. "கன்னையா, வந்தவரு ஆபீசரே இல்லய்யா. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரு. ரூம அளக்கறதுக்கு நான்தான் வரச் சொன்னேன்" என்றார். கவர்ன்மெண்டு ஆபீசர் எவர் டை கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வருகிறார், எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் வைத்தால் கம்ப்யூட்டருக்கு உயிர் உத்தரவாதம் இல்லை, எங்கள் கம்பெனியை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். ஹெல்மெட்டை மட்டும் திருப்பித் தர மாட்டாராம். ஆக, ஒர்க்‌ஷாப் பிழைத்தது. மேலே கேட்ட விசா எனக்கு வேண்டாம், இடுப்பு வலிகூடப் பாதி குறைந்துவிட்டது. நிஜமான ஆபீசர் லீவு முடிந்ததும் வருகிறாராம். பொன்னியம்மா இப்போதே பெரிய பூசணிக்காய்க்குச் சொல்லி வைத்துவிட்டாள். அதனால் உடனே இன்னொரு பெட்டி அனுப்பு. இந்த முறை, சாமிக்கு ஒரு செட்டு, பிள்ளைகளுக்கு ஒரு செட்டு என்று தனித்தனியாகக் கட்டி, மேலே பேர் எழுதி அனுப்பு.