வம்சமானி சொன்ன பொருத்தம்

பர்னிச்சர் கடையின் மேல்மாடியில் ஒரு விஞ்ஞானி வந்து இறங்கியிருக்கிறார் என்று செய்தி பரவிய பத்தே நாளில், கீழே சோபா வாங்க வந்தவனுக்கு நிற்க இடமில்லை. மாடிப்படி முழுக்க ஆள். கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருந்தார்கள். உறைக்குள் பஞ்சு. பஞ்சில் எச்சில். படித்தவர், பதவியில் இருந்தவர் எல்லாம் பிள்ளைகளின் எச்சிலைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு வரிசையில் நின்ற அழகை நான் அப்போதுதான் பார்த்தேன்.

வாசலில் 'வம்ச விஞ்ஞானி' என்று பலகை. எங்கே படித்தார், என்ன படித்தார் என்று அதில் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அதைக் கேட்கலாமா? கேட்கலாம். ஐம்பது வருஷம் தராசு பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். காய்கறிக் கடைத் தராசு முதல் லாரி ஏறுகிற எடைமேடை வரை பார்த்தாயிற்று. என் தொழிலில் நம்பிக்கைக்கு இடமில்லை.

விஞ்ஞானி சொன்னது இதுதான். ஆதியில் மனிதரில் பல வகை இருந்தது. நியாண்டர்தால் என்று ஒரு கூட்டம் குகையில் வாழ்ந்தது. நம் முன்னோர் அவர்களோடு கலந்து பிள்ளை பெற்றார்கள். இதுவரைக்கும் சரி. பொய் சொல்கிறவன் எப்போதும் அரைக் கிலோ உண்மையை அடியில் போட்டுவிட்டுத்தான் தட்டை நிரப்புவான். அடுத்து நிரப்பியது இது: இன்றும் சிலர் உடம்பில் குகை ரத்தம் ஓடுகிறது, சிலர் உடம்பில் தூய ரத்தம் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தால் வாரிசு பிறக்காது. ஏனென்றால் இரண்டும் வேறு வேறு இனம். கவலை வேண்டாம், 'சுத்திகரிப்புச் சொட்டு' இருக்கிறது. மூன்று மாதம் குடித்துவிட்டு மறுபடி பஞ்சோடு வரலாம்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வினை என் வீட்டுக்கே வந்துவிட்டது.

என் பேத்தி பல்செட் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். லிப்ட் மெக்கானிக் ஒரு பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீடும் சம்மதித்து, தேதியும் குறித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் பையனின் அம்மா இரண்டு பேர் பஞ்சையும் மாடிக்கு எடுத்துப் போய்விட்டு, ஒரு பைலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. பொண்ணு தங்கம். ஆனா முப்பத்தொரு சதவீதம் குகை ரத்தமாம். வேற இனமாம்."

"எங்க வீட்டுல பொறந்த பொண்ணும்மா. வேற இனம்னா என்ன, எருமையா?"

"மனுஷங்கள்லயே வேற இனமாம். வாரிசே இருக்காதாம். சொட்டு குடிச்சாலும் என் மனசு கேக்காது. எனக்கு ஒரே பையன். நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மாவின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. கோபப்பட முடியவில்லை. போகும்போது, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்கிறேன் என்றார். என்ன முடிவு என்று அவர் நடையிலேயே தெரிந்தது.

பேத்தி அழவில்லை. பைலைப் புரட்டிப் பார்த்து, "முப்பத்தொண்ணு இருக்க வழியே இல்ல தாத்தா. இருந்தா ஒண்ணு, ரெண்டு சதவீதம். அது பெரும்பாலும் எல்லாருக்கும் இருக்கு" என்றாள்.

"எனக்குமா?"

"உங்களுக்கும்தான்."

உள்ளேயிருந்து என் மனைவி, "அதை நான் கல்யாணமான மறுநாளே கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள்.

"சரி, இனம் இனம்கிறானே, அதை எதை வச்சு அளக்கிறாங்க?"

"குதிரையும் கழுதையும் சேர்ந்தா கோவேறு கழுதை பொறக்கும். அதுக்குக் குட்டி பொறக்காது. அதனால அது ரெண்டும் வேற வேற. பிள்ளை பொறந்து, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பொறந்தா ஒரே இனம். இது ஒரு அளவு."

"அப்போ குகைக்காரனும் நாமும்?"

"பிள்ளை பெத்து, அதுங்களும் பெத்திருக்கு. இல்லன்னா அவங்க மிச்சம் நம்ம உடம்புல எப்படி வந்துச்சு? அதனால ஒரே இனம்னு சில விஞ்ஞானிங்க சொல்றாங்க. மண்டையோடு, எலும்பு எல்லாம் வித்தியாசமா இருக்கு, வேற இனம்தான்னு வேற சிலர் சொல்றாங்க. இன்னும் முடிவாகல."

கோடு போடுகிறவர்களே கோடு எங்கே என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டை விற்கிறவருக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

மூன்று நாள் பர்னிச்சர் கடை சோபாவில் போய் உட்கார்ந்தேன். வாங்குகிற மாதிரி அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே, இறங்கி வருகிற முகங்களை எண்ணினேன். அறுபதுக்கு மேல். ஒரு ஜோடிக்குக்கூடப் பொருத்தம் இல்லை. எல்லார் கையிலும் சொட்டுப் புட்டி. எதை வைத்தாலும் முள் ஒரே பக்கம் சாய்கிறது என்றால், தராசுக்காரன் சரக்கைச் சந்தேகப்பட மாட்டான். எடை தெரிந்த கல்லை எடுத்து வைப்பான். எடை தெரிந்த கல் என் வீட்டிலேயே இருந்தது.

"வாயைத் திற" என்றேன் மனைவியிடம்.

"எதுக்கு?"

"பொருத்தம் பார்க்கணும்."

"யாருக்கு?"

"நமக்கு."

"நாப்பத்தொன்பது வருஷம் கழிச்சா? இல்லன்னு சொல்லிட்டா என்னை எங்க கொண்டுபோய் விடுறதா உத்தேசம்?" என்றாள். ஆனாலும் வாயைத் திறந்தாள்.

உறையின் மேல், மணமகன் வயது இருபத்தேழு, மணமகள் வயது இருபத்துமூன்று என்று பேத்தி எழுதினாள். பொய் இல்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம்.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முடிவு வாசிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பார்க்க வேண்டும், துணைக்கு வாங்க என்று பையனின் அம்மாவையும் அழைத்துப் போனேன். மனைவி சொந்தம்தானே?

கூடம் நிறைந்திருந்தது. மேஜை மேல் எச்சிலை அளக்கிற பெட்டி, பெயர் வம்சமானி. நீல விளக்கு, ஒரு உறுமல். மீன் தொட்டி மோட்டாரின் உறுமல் அது. எனக்குக் கண்தான் மங்கல், காதில் கோளாறு இல்லை. வெள்ளைக் கோட்டு விஞ்ஞானி எங்கள் பஞ்சை உள்ளே வைத்து, கண்ணை மூடித் திறந்து, பெருமூச்சு விட்டார்.

"மணமகள் இருபத்தெட்டு சதவீதம். மணமகன் சுத்தம். வேறு வேறு இனம். சேரக் கூடாது."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க ஐயா. குழந்தை பொறக்காதா?"

"வாய்ப்பே இல்லை பெரியவரே."

"தப்பித் தவறிப் பொறந்துட்டா?"

"கோவேறு கழுதை கதைதான். அதோடு வம்சம் நின்றுவிடும்."

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல. மைக்ல ஒரு தடவை சொல்லிடுங்க."

சொன்னார். நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"மணமகளே, எழுந்திரு" என்றேன்.

மூன்றாவது வரிசையில் என் மனைவி கைத்தடியை ஊன்றி எழுந்தாள். கூடத்தில் ஒரு சலசலப்பு. "மணமகன் நான்தான்" என்றேன். பிறகு வாசல் பக்கம் கை காட்டினேன். "இது மூத்த கோவேறு கழுதை, பஸ் ஓட்டுது. அது ரெண்டாவது, பொம்பளை, நர்ஸ் வேலை. அந்த ஏழும் பேரன் பேத்திங்க. மூத்த பேரன் இடுப்புல இருக்கிறது, அவன் பெத்தது. எட்டு மாசம்."

கொள்ளுப்பேரனை வாங்கி வம்சமானி பக்கத்தில் உட்கார வைத்தேன். அவன் அதன் மேல் தாராளமாக எச்சில் ஒழுக விட்டான்.

"பஞ்சு வேண்டாம் ஐயா, நேராவே எடுத்துக்கோங்க."

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் கூடமே சிரித்தது.

"வயதானவர்கள் எச்சில். மாதிரி கெட்டுப்போயிருக்கும்" என்றார் விஞ்ஞானி.

"கெட்டுப்போன பஞ்சை வச்சு இருபத்தெட்டுன்னு சரியா எப்படிச் சார் சொல்லிச்சு?" என்று பேத்தி கேட்டாள். "என்னோட முப்பத்தொண்ணும் இப்படி வந்ததுதானா?"

வேறு கருவி எடுத்து வருகிறேன் என்று பின்வாசல் வழியாகப் போனார். இன்னும் எடுத்து வரவில்லை.

பையனின் அம்மா என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெதுவாக, "நாப்பத்தொன்பது வருஷமாவா?" என்றார்.

"பொருத்தம் இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். அதுக்கு எதுக்கு மிஷினு?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். பேத்தி பக்கம் திரும்பி, "எனக்கும் அந்தக் குகை ரத்தம் இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருக்கும் அத்தை."

"என் பையனுக்கு?"

"அது நீங்க கொடுத்ததுதானே."

பைல் நான்கு துண்டாகி குப்பைக் கூடைக்குப் போனது. குறித்த தேதி குறித்தபடியே நிற்கிறது.

படி இறங்கும்போது எனக்கு முன்னால் ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்: "இது டூப்பு சரி. நல்ல மிஷின் எங்க இருக்குன்னு தெரியுமா?"

குகையில் இருந்தவன்கூட ஒரு கல்லைக் கையில் தூக்கி, திருப்பிப் பார்த்து, உதவுமா என்று யோசித்துத்தான் எடுத்திருப்பான். அவன் ரத்தம் நமக்குக் கொஞ்சம் வந்திருக்கிறது என்கிறார்கள். அந்தப் பழக்கமும் கூடவே வந்திருக்கக் கூடாதா?